தானப் போர்வைகளுக்கு ஓரப் பின்னல்: சிப்பியா, குஞ்சமா, வெறும் ஒற்றைக் கண்ணியா?

லயத்து மல்லிகை (சுங்கை சிப்புட்)

வணக்கம். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை கூடும் எங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு நல்ல மனிதர் மெத்தென்ற ஃபிலீஸ் துணியை ஒரு சுருள் முழுவதுமாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மடியில் போர்த்திக்கொள்ளும் அளவில், 100 சென்டிமீட்டருக்கு 75 என்று வெட்டி அடுக்கிவிட்டோம். தீபாவளிக்கு முன்பாக ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையத்துக்குப் பாதி, முதியோர் இல்லத்துக்குப் பாதி என்று பேச்சு.

ஓரத்தை மொட்டையாக விட யாருக்கும் மனமில்லை. குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், போடலாம் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகுதான் சண்டை. ஒருவர் சிப்பி வடிவப் பின்னல் வேண்டும் என்கிறார், ஒருவர் குஞ்சம் தொங்க வேண்டும் என்கிறார். கொக்கி ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் இரண்டே பேர். மற்றவர்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்து, இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பவர்கள். கை பழகினால் செய்துவிடுவார்கள். எளிதாக, சீக்கிரம் கற்றுக்கொடுக்கக்கூடிய ஓரம் எது?

காணொளி இணைப்பு அனுப்ப வேண்டாம். மண்டபத்தில் இணையம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. எழுத்தில் சொல்லுங்கள்.

ஈப்போ நூல்கண்டு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது மல்லிகை? சிப்பிதான். ஆறு கண்ணிக்கு ஒரு சிப்பி. ஓர் ஒற்றைக் கண்ணி, இரண்டைத் தாண்டி மூன்றாவதில் ஐந்து இரட்டைக் கண்ணி (ஒற்றையைவிட உயரமானது), மறுபடி இரண்டைத் தாண்டி ஓர் ஒற்றைக் கண்ணி. கடைசி வரை அவ்வளவுதான். பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள். சாம்பல் துணிக்கு வெள்ளைச் சிப்பி வைத்தால் கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள்.

தையல்கடை அண்ணன்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிலீஸ் துணி பிரியாது. நெய்த துணியாக இருந்தால்தான் இழை கழன்று வரும், இது பின்னல் துணி. வெட்டியபடியே கொடுத்தாலும் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஓரம் வேண்டுமென்றால் என் ஓவர்லாக் இயந்திரத்தில் ஒரு போர்வைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. மொத்தத்தையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போங்கள், காசு வேண்டாம். குரோஷே எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

லயத்து மல்லிகை

அண்ணா, மனதுக்கு நன்றி. பிரியாது என்பது சரி. ஆனால் இழுபடும். அகலவாக்கில் இழுத்தால் ரப்பர்ப் பட்டையாக நீளுகிறது, நாலு முறை துவைத்தால் ஓரம் அலை அலையாக நிற்கும். மற்றொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: எங்கள் அம்மாக்களுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். இயந்திரத்தில் போட்டுவிட்டால் சனிக்கிழமை கூட்டம் வெறும் ஊர்வம்பாகிவிடும்.

தையல்கடை அண்ணன்

ஊர்வம்புக்கு மருந்தாகப் போர்வையா! சரி, பார்க்கிறேன். ஆனாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அலங்காரத்தைத் தவிர அந்த ஓரத்துக்கு என்ன வேலை?

மூன்றாம் நாற்காலி

இந்தப் பக்கம் நான் வழக்கமாக எழுதுவதில்லை. தங்கை சொல்லி வந்து படித்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், பேராக் மாநிலம்தான். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு நாற்காலியில் உட்காருகிறவன் நான். உங்கள் போர்வை யார் மடிக்கு வரப்போகிறதோ, அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதனால் நாலு வார்த்தை.

குளிர் நிஜம். அறை முழுக்கக் குளிர்சாதனம், போதாததற்கு நம் ரத்தம் வெளியே குழாயில் சுற்றிவிட்டு உள்ளே திரும்புகிறது. வெளியில் வெயில் கொளுத்தும்போது உள்ளே பல் கிட்டிக்கும். ஆகவே போர்வை தேவை. இனி ஓரத்துக்கு வருகிறேன்.

ஊசி குத்திய கையை மூடக் கூடாது. ஊசி நழுவினாலோ ரத்தம் கசிந்தாலோ தாதி உடனே பார்க்க வேண்டும். அதனால் போர்வை மடியிலும் காலிலும்தான் இருக்கும், ஆனால் ஓரம் எப்போதும் குழாய்க்குப் பக்கத்திலேயே கிடக்கும். குழாயில் பிளாஸ்டிக் கவ்விகள் இருக்கின்றன. ஓட்டை ஓட்டையாக இருக்கும் பின்னல் அந்தக் கவ்வியில் மாட்டும். பக்கத்து நாற்காலி ஐயாவுக்குப் பேத்தி பின்னிக் கொடுத்த அழகான துணி இருந்தது, ஓரம் முழுக்க வளையம். புரண்டு உட்கார்ந்தார், கவ்வி மாட்டிக் குழாய் மடங்கிவிட்டது. இயந்திரம் அலறியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்தத் துணியைக் காணவில்லை.

குஞ்சம் இன்னும் மோசம். சாய்வு நாற்காலியின் பக்கத்துக் கம்பியில் சிக்கும், தரையைத் துடைக்கும்.

இன்னொன்று. எங்களில் பாதிப் பேருக்கு மேல் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைவு. நூல் வளையத்துக்குள் கால் விரல் நுழைந்து இறுகினால் பலருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றும்போதுதான் பார்ப்பார்கள்.

அழகாகச் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டை மட்டும் வேண்டாம்.

ஈப்போ நூல்கண்டு

ஐயா சொன்னது எனக்கு உறைத்தது. சிப்பி வேண்டாம், சரி. ஆனால் வெறும் ஒற்றைக் கண்ணி என்றால் பார்க்க வறட்சியாக இருக்குமே என்பது இன்னும் என் கவலை.

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

வறட்சியாக இருக்காது. நெருக்கமாகப் போட்ட ஒற்றைக் கண்ணி இரண்டு சுற்று, அதற்கு மேல் நண்டுப் பின்னல் ஒரு சுற்று. முறுக்கிய கயிறு வைத்துத் தைத்தது மாதிரி உருண்டு நிற்கும், ஒரு விரல் நுழைய இடம் இராது. பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூலை. கூர் மூலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தேநீர்க் கோப்பையின் அடித்தட்டைக் கவிழ்த்து வைத்து வளைவாகக் கோடு போட்டு வெட்டிவிடுங்கள். கூர் மூலை என்றால் அந்த ஒரு துளையில் மட்டும் மூன்று கண்ணி போட வேண்டும். புதியவர்கள் அரட்டையில் மறந்து ஒன்று போட்டுவிட்டுப் போவார்கள், மூலை உள்ளே குழிந்துவிடும். வளைவில் அந்தத் தொல்லை கிடையாது. வளைவு முழுவதுக்கும் சேர்த்து இரண்டு மூன்று கண்ணி கூடுதலாக விழுந்தால் போதும்.

அடுத்தது துளை. ஃபிலீஸ் துணிக்குள் மொட்டைக் கொக்கி நுழையாது. விட்டு விட்டு வெட்டும் பல்லுள்ள சக்கரக் கத்தி ஒன்று உண்டு, ஒட்டுத்துணி தைப்பவர்களிடம் இருக்கும். அதை ஓர் ஓட்டம் ஓட்டினால் வரிசையாகத் துளை கிடைக்கும். கிடைக்காவிட்டால் குத்தூசி, அடியில் பழைய ரப்பர் விரிப்பு. விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே, துளைக்குத் துளை 1 சென்டிமீட்டர். விளிம்புக்கு மிக அருகில் குத்தினால் நூல் இழுக்க இழுக்கத் துளை வாய் பிளந்து விளிம்போடு சேர்ந்துவிடும். உங்கள் அளவுப் போர்வைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 340 துளை வரும். பால் வெட்டிய அம்மாக்களிடம் குத்தூசியைக் கொடுங்கள். கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிய கை, அளவுகோல் கேட்காது.

இப்போது பின்னல். முதல் சுற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் கொக்கி. துளைக்குள் கொக்கியை விட்டு நூலைப் பிடித்து இழுங்கள். இந்த இடத்தில்தான் கை அவசரப்படும். இழுத்த நூல் துணியின் விளிம்பு உயரத்துக்கு மேலே வர வேண்டும். வந்து நின்ற பிறகு நூலை ஒருமுறை சுற்றி, கொக்கியில் இருக்கும் இரண்டு வளையத்துக்குள்ளும் சேர்த்து உருவினால் ஓர் ஒற்றைக் கண்ணி. உயரவிடாமல் இறுக்கினால் துணி இரண்டாக மடிந்து ஓரம் தடித்துப்போகும். தளர்த்தினால் பின்பக்கம் நூல் தொங்கும், அதில்தான் ஐயா சொன்ன கால் விரல் மாட்டும். ஒரு கண்ணி, ஒரு சங்கிலி (நூலைச் சுற்றிக் கொக்கியில் உள்ள வளையத்துக்குள் உருவுவது), அடுத்த துளை. சுற்றி வந்து முதல் கண்ணியில் நழுவல் கண்ணியால் (இழுத்த நூலைக் கொக்கியில் உள்ள வளையத்துக்குள்ளும் நேராக உருவுவது) இணைத்துவிடுங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு 3.5 கொக்கி. கீழே இருக்கும் கண்ணி ஒவ்வொன்றிலும், சங்கிலி ஒவ்வொன்றிலும் ஓர் ஒற்றைக் கண்ணி. முதல் சுற்றின் இடைவெளி இதில் அடைபட்டுவிடும்.

மூன்றாவது நண்டுப் பின்னல். அதே ஒற்றைக் கண்ணிதான், ஆனால் இடமிருந்து வலமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். முதல் பத்துக் கண்ணிக்குக் கை தடுமாறும், பிறகு பிடிபடும். புதியவர்களுக்கு இது வேண்டாம். அவர்கள் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்ளட்டும், தெரிந்த இருவர் வாங்கி முடித்துக் கொடுக்கட்டும்.

நூல் முனையில் முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். முடிச்சு ஒருநாள் அவிழும், அவிழாவிட்டால் உறுத்தும். 15 சென்டிமீட்டர் வால் விட்டு, மொட்டை ஊசியில் கோத்து, ஒரு பக்கம் ஓட்டி, திருப்பி மறுபக்கம் ஓட்டி, பிறகு வெட்டுங்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை மருமகள்

அக்கா, எனக்கு ஒரு குழப்பம். என் மாமியார் வைத்திருக்கும் பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து சிங்கிள் குரோஷே போட்டால் ஒன்றும் எழும்பவில்லை, கொக்கியில் வழுக்கிக்கொண்டே போகிறது. கைப்பேசியில் பார்த்ததில் வேறு மாதிரி வருகிறது.

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

உன் மாமியார் புத்தகம் பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று எழுதுவதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்று எழுதுவார்கள். அந்தப் புத்தகத்தில் டபுள் என்று இருப்பதைப் போடு, நான் சொன்ன ஒற்றைக் கண்ணி அதுதான். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் சிங்கிள் என்பது நழுவல் கண்ணி, அதனால்தான் எழும்பவில்லை.

இடக்கைக்காரி

நான் எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகத்தான் பின்னுகிறேன். அப்படியானால் பிறந்ததிலிருந்து நண்டுப் பின்னலா போடுகிறேன்?

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

இல்லை அம்மா! உனக்கு நண்டு வலமிருந்து இடமாக நடக்கும். உன் வழக்கத்துக்கு எதிர்த்திசை எதுவோ அதுதான் நண்டு.

ஷா ஆலம் வாசகி

நூல் எது என்று யாரும் சொல்லவில்லையே. கடையில் எங்கே பார்த்தாலும் மில்க் காட்டன் என்ற பருத்தி கலந்த நூல்தான் கிடைக்கிறது. தொட்டால் மென்மை, நிறங்களும் நிறைய. ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து போர்வைகளைத் திரட்டிக் கொடுத்தோம். நிவாரண மையத்தில் கொடி கட்டி உலர்த்த இடம் ஏது? ஃபிலீஸ் உதறினாலே பாதி காய்ந்துவிடுகிறது, தண்ணீரை அது அவ்வளவாகக் குடிப்பதில்லை. ஆனால் பருத்தி நூலில் தடிமனாக ஓரம் போட்டவை மட்டும் ஓரத்தில் ஈரம் நின்று வாடை அடித்தன. மழைக்காலத்தில் வீட்டுக்குள் உலர்த்துகிறவர்களுக்கும் இதே கதைதான். அதனால் அக்ரிலிக் என்ற செயற்கை நூலே சரி என்று தோன்றுகிறது.

ஈப்போ நூல்கண்டு

அக்ரிலிக் கையில் கீச்சென்று ஒட்டுமே. எனக்குப் பிடிக்காது.

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

உனக்குப் பிடிக்க வேண்டாம், போர்வைக்குப் பிடித்தால் போதும். ஷா ஆலம் தங்கை சொல்வது சரி. துணி பாலியெஸ்டர், நூலும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அக்ரிலிக் சுருங்காது, இயந்திரத்தில் துவைக்கலாம், சீக்கிரம் காயும். ஒரே எச்சரிக்கை, இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுபோகக் கூடாது. சூடு பட்டால் அக்ரிலிக் தளர்ந்து தொய்ந்துவிடும், பிறகு மீளாது. ஃபிலீஸும் சூட்டுக்குப் பளபளத்துப்போகும். ஆட்டுக் கம்பளி நூல் வேண்டவே வேண்டாம். சிலருக்கு அரிக்கும், வெந்நீரில் போட்டால் சுருங்கித் துணியையும் சுருக்கும்.

சிவப்பு, கருநீலம் எடுத்தால் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தக் கண்டு வேறு வேலைக்கு.

கோலகங்சார் தாய்

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் ஃபிளானல் துணி மிச்சம் இருக்கிறது. மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதே ஓரம் வைத்துக் கொடுக்கலாமா?

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

கொடுக்கலாம், ஆனால் இரண்டு விஷயம். ஃபிளானல் நெய்த துணி, அதுவும் பருத்தி. முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, பிறகு அளந்து வெட்டு. வெட்டிய விளிம்பு பிரியும் என்பதால் மடித்துத் தைத்துக்கொண்டு, அந்தத் தையலுக்குள் மெல்லிய இரும்புக் கொக்கியால் போட வேண்டும்.

இரண்டாவது, குழந்தை தனியாகத் தூங்கும் தொட்டிலில் தளர்ந்த போர்வை கூடாது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இப்படித்தான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வலியுறுத்துகிறது. தூக்கிக்கொண்டு போகும்போது, பெரியவர் கண்ணெதிரே மடியில் இருக்கும்போது போர்த்தலாம். கொடுக்கும்போது தாயிடம் சொல்லிவிடு. மருத்துவமனை ஏற்றுக்கொள்ளுமா என்று வார்டில் முன்கூட்டியே கேட்டுக்கொள். சில இடங்களில் இன்குபேட்டரின் மேல் வெளிச்சம் மறைக்கப் போடுவார்கள், அதற்கென்று ஓர் அளவு இருக்கும்.

புதிதாக வந்தவன்

அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய புராஜெக்ட் லைனஸ் என்ற அமைப்பு நோயுற்ற பிள்ளைகளுக்கு இப்படிப் போர்வைகளைக் கொடுத்து வருகிறது. அங்கேயும் புதியதாக இருக்க வேண்டும், துவைக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஓரம் இன்ன பின்னலாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. நாம் சிப்பியா நண்டா என்று இத்தனை பக்கம் ஓட்டியிருக்கிறோம்.

லயத்து மல்லிகை

தம்பி, ஓட்டியதால்தான் குழாய்க் கவ்வி இருப்பது தெரிந்தது. தெரியாமல் சிப்பி போட்டுக் கொடுத்திருந்தால் அவை அலமாரியில் தூங்கியிருக்கும்.

இன்று நான்கு போர்வை முடிந்தது. அக்கா சொன்னபடிதான் செய்தோம். குத்தூசி அம்மாக்கள் அமர்க்களம், துளை எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். நீளப் பக்கங்கள் இரண்டும் தட்டையாகப் படுக்கின்றன, குறுக்குப் பக்கங்கள் இரண்டும் பாவாடைக் கரை மாதிரி அலைகின்றன. துளை ஒன்றுதான், கண்ணி ஒன்றுதான். ஏன்?

தையல்கடை அண்ணன்

இதை நான் சொல்கிறேன். துணி ஒரு திசையில்தான் அதிகம் நீளும் என்று நீங்களே சொன்னீர்கள். அலைகிற பக்கம் அந்தத் திசை. குத்தும்போதோ பின்னும்போதோ மடியில் போட்டு இழுத்துப் பிடிக்கிறார்கள். இழுத்த நிலையில் கண்ணி உட்கார்ந்துவிடுகிறது, துணி பழைய நீளத்துக்குத் திரும்ப முடியவில்லை. மேசைமேல் விரித்து வைத்துப் பின்னச் சொல்லுங்கள், பாரம் தொங்கக் கூடாது.

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

அண்ணன் சொன்னதேதான். அதோடு அந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் இரண்டாம் சுற்றில் பத்துக் கண்ணிக்கு ஒருமுறை ஒரு சங்கிலியைத் தாண்டிவிடுங்கள். முடித்த நான்கையும் பிரிக்க வேண்டாம், முதல் சுற்று அப்படியே இருக்கட்டும், அதற்கு மேலுள்ள சுற்றுகளை மட்டும் அவிழ்த்துத் திரும்பப் போட்டால் போதும்.

மூன்றாம் நாற்காலி

அண்ணன் முதலிலேயே ஒரு கேள்வி கேட்டார், அலங்காரத்தைத் தவிர ஓரத்துக்கு என்ன வேலை என்று. யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லவா?

எல்லாப் போர்வையும் ஒரே சாம்பல் என்கிறீர்கள். மையத்தில் காலை, மதியம், மாலை என்று ஆட்கள் மாறி மாறி வருகிறோம். போர்வை கலந்துவிட்டால் யாருடையது எது என்று எப்படித் தெரியும்? அடுத்தவர் போர்த்தியதை நாங்கள் போர்த்த முடியாது, தொற்றுக்கு அஞ்சித்தான் வாழ்கிறோம். பேனாவால் பெயர் எழுதினால் துவைப்பில் போய்விடும். ஆளுக்கொரு நிறத்தில் ஓரம் போடுங்கள். பச்சைக் கரை என்னுடையது, மஞ்சள் கரை ஐயாவுடையது என்று சண்டையே இல்லை. வெளிர் நிறம் மட்டும் தவிருங்கள். அயோடின் கறை பட்டால் போகாது.

இன்னும் ஒன்று கேட்டால் பேராசையாகத் தோன்றும். இனிப்பு நீரால் கண்பார்வை மங்கியவர்களும் எங்களில் உண்டு. அவர்களுக்கு நிறம் தெரியாது. தடவினால் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

கொக்கி அக்கா (பட்டர்வொர்த்)

முடியும். நண்டுப் பின்னலைச் சுற்றிலும் போடாமல் ஒரே ஒரு மூலை வளைவில் மட்டும் போடுங்கள், மற்ற மூன்றும் வழவழப்பாக இருக்கட்டும். விரலால் தடவினால் அந்த உருளை தட்டுப்படும். இன்னொருவருக்கு இரண்டு மூலை, வேறொருவருக்கு ஒரு குறுக்குப் பக்கம் முழுவதும். தேவையானவர்களுக்கு மட்டும் இப்படி. வேலையும் குறைகிறது.

ஈப்போ நூல்கண்டு

நிறம் என்றால் அது என் வேலை. அடர்பச்சை, கடுகு மஞ்சள், மாதுளைச் சிவப்பு, கத்தரிப்பூ, கருநீலம், காப்பிப் பொடி நிறம். ஆறும் அக்ரிலிக்கில் வாங்கி பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன், கீச்சென்று ஒட்டினாலும் பரவாயில்லை. ஆறுக்கு மேல் ஆட்கள் இருந்தால் முதல் சுற்று ஒரு நிறம், இரண்டாம் சுற்று வேறு நிறம். பச்சைக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் பச்சை இரண்டும் வெவ்வேறு கரைதானே. எத்தனை பேர் வந்தாலும் தீராது.

லயத்து மல்லிகை

அப்படியே செய்கிறோம். மூன்றாம் நாற்காலி ஐயா, மையத்தில் பார்வை மங்கியவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து எனக்குத் தனிமடல் போடுங்கள், பெயர் வேண்டாம். முதியோர் இல்லத்துக்குப் போகிறவற்றுக்கும் அறைக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2.5 கொக்கி எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறவர்கள் வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள்.

தையல்கடை அண்ணன்

என் கடையில் மரப்பிடி போட்ட குத்தூசி நாலைந்து சும்மா கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மேசையும் ஒன்று இருக்கிறது, லோரி கிடைத்தால் அதையும் மண்டபத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.